நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு, அண்ணாச்சி?

இப்படிக் கேட்டுவிட்டுத்தான் அந்த மெக்கானிக் என் மாருதி ஜிப்சி ஜீப்பின் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் கழற்றினார். கழற்றிய முனைகளை 'ப' எழுத்துப் போல வளைந்த ஓர் இரும்புக் குழாயில் மாட்டி, கிளிப் போட்டு இறுக்கினார். அது மே மாதம். அம்பாசமுத்திரத்தில் தார் ரோடு செருப்பில் ஒட்டுகிற வெயில். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ஹீட்டரின் 'காயில்' (உள்ளே இருக்கும் குட்டி ரேடியேட்டர்) ஒழுகுகிறது, அதை எடுக்க டேஷ்போர்டையே இறக்க வேண்டும், இரண்டு நாள் வேலை, கூலி தனி. குழாய்க்கு ஐம்பது ரூபாய். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த ஜனவரியில் மாஞ்சோலை மலையில் இருக்கும் ஊத்து எஸ்டேட்டிலிருந்து இறங்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. மச்சினன் குடும்பம் அப்போது மேலேதான் இருந்தது. 2024-ல் தேயிலை வேலை நின்றதும் அவர்களும் கீழே வந்துவிட்டார்கள். அது வேறு கதை. அன்றைக்கு மழை தூறிக்கொண்டே இருந்தது. நாலுமுக்கு தாண்டுவதற்குள் மேகம் ரோட்டில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. வண்டிக்குள் ஆறு பேர், எல்லாருடைய துணியும் ஈரம். முன் கண்ணாடி உள்பக்கம் பால் தெளித்த மாதிரி வெளுத்துப் போனது. பக்கத்தில் இருந்த என் மனைவி துண்டால் துடைப்பாள், அடுத்த வளைவுக்குள் மறுபடி வெளுக்கும். கக்காச்சியிலிருந்து மாஞ்சோலை வரை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டுதான் ஓட்டினேன். மணிமுத்தாறு செக்போஸ்ட் வந்ததும் மாமியார் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மாப்ளே, அந்த வெந்நீர்ச் சாமானைத் திரும்ப மாட்டிருங்க."

மாட்டினேன். நானே மாட்டினேன். விக்கிரமசிங்கபுரத்தில் மில் ஃபிட்டராக 31 வருஷம் இருந்தவன். நீராவிக் குழாய், வால்வு, பம்ப் என்று கைபழகியவனுக்கு இது பெரிய வித்தை அல்ல. ஆனால் இடம் நெருக்கடி. என் வண்டி 1998 மாடல் ஜிப்சி கிங், கார்புரேட்டர் இன்ஜின். அம்பாசடர், மாருதி 800, சுமோ என்று எந்தப் பழைய வண்டி வைத்திருந்தாலும் சொல்லப்போகும் விஷயம் ஒன்றுதான். போல்ட் இருக்கும் இடம் மாறும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வண்டிக்குள் சூடு வருவதற்கென்று தனியாக எதுவும் எரிவதில்லை. பெட்ரோல் எரிந்து வரும் சூட்டில் மூன்றில் ஒரு பங்குகூட முழுசாகச் சக்கரத்துக்குப் போவதில்லை. பெரும்பகுதி புகையோடும் தண்ணீரோடும் போகிறது. தண்ணீர் அந்தச் சூட்டை ரேடியேட்டரில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தை இரண்டு மெல்லிய ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குள் அனுப்பி, அங்கே உள்ளங்கை இரண்டைச் சேர்த்துவைத்த அளவில் ஒரு குட்டி ரேடியேட்டரை வைத்து, பின்னால் ஒரு மின்விசிறியையும் வைத்தால் அதுதான் ஹீட்டர். அந்தக் குட்டி ரேடியேட்டரைத்தான் காயில் என்கிறோம்.

ஆகவே ஹீட்டர் என்பது கூலிங் சிஸ்டத்தின் கடைசி வீடு. தெருக் குழாயில் அழுத்தம் குறைந்தால் முதலில் தண்ணீர் நிற்பது கடைசி வீட்டில்தானே? அதுபோல, இன்ஜின் தண்ணீரில் என்ன குறை வந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது ஹீட்டர். தண்ணீர் குறைந்தாலும், பம்ப் தேய்ந்தாலும், குழாயில் உப்பு படிந்தாலும் டெம்பரேச்சர் முள் அசைவதற்கு முன்பே ஹீட்டர் காற்று குளிர்ந்துவிடும். இன்னொரு பயனும் உண்டு. மாஞ்சோலை ஏற்றத்தில் ஏப்ரல் மாதம் முள் சிவப்பை நோக்கிப் போனால், ஹீட்டரை முழுசாகத் திறந்து விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே இருப்பவர்கள் வெந்து போவார்கள், ஜன்னலை இறக்கிக்கொள்ளட்டும். குட்டி ரேடியேட்டரும் சேர்ந்து சூட்டை வெளியே தள்ளுவதால் முள் பெரும்பாலும் இறங்கும். இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்திவிட வேண்டியதுதான். ஹீட்டரை அடைத்து வைத்திருப்பவருக்கு இந்த வழி கிடையாது.

சரி, எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கைதான் கருவி. வண்டியைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, ஹீட்டர் நெம்புகோலைச் சூட்டுப் பக்கம் முழுதாகத் தள்ளி, இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு நிறுத்திவிட்டு போனெட்டைத் திறங்கள். ஓடும்போது விசிறிப் பக்கம் கையை விடாதீர்கள். தோளில் துண்டோ கழுத்தில் செயினோ தொங்கக் கூடாது. இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கம்பக்கமாக இரண்டு ஹோஸ் போகும். இரண்டையும் பட்டும் படாமலும் தொட்டுப் பாருங்கள்.

இரண்டும் சுடுகிறதா? தண்ணீர் நன்றாகப் போய் வருகிறது. கோளாறு காற்றுப் பக்கத்தில். விசிறி, காற்றுக் கதவு, கேபிள் இவற்றைப் பார்க்க வேண்டும். ஒன்று சுட்டு மற்றொன்று வெதுவெதுப்பாகவோ குளிர்ந்தோ இருந்தால் காயில் அடைத்திருக்கிறது, அல்லது ஹீட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே குளிர்ந்திருந்தால் சூடான தண்ணீரே இந்தப் பக்கம் வரவில்லை. மட்டம் குறைந்திருக்கலாம், காற்று அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் மூடி வைக்கும் கதவு) திறந்தபடி நின்றிருக்கலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் டேஷ்போர்டில் ஸ்க்ரூடிரைவரை வைக்காதீர்கள்.

கையில் தெரியாத ஒரு கோளாறு மூக்கில் தெரியும். காயில் ஒழுகினால் வண்டிக்குள் வெல்லப்பாகு காய்வது போல ஒரு தித்திப்பு வாசனை வரும். கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் மாதிரி மங்கும். துடைத்தால் இழுகும், போகாது. முன்பக்கக் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால் ஈரம். அது மழைத் தண்ணீரா, இன்ஜின் தண்ணீரில் கலக்கும் திரவமான கூலன்டா என்ற சந்தேகம் வந்தால் விரலில் தேய்த்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அது விஷம். தித்திப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் செத்துப்போகும். வடித்த கூலன்டைத் திறந்த வாளியில் முற்றத்தில் வைக்காதீர்கள், வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். கேனில் அடைத்து, ஆயில் மாற்றும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இனி வேலை. இன்ஜின் முழுதாக ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டும். இதை மில்லில் புதுப் பையன்களுக்குச் சொல்வது போலச் சொல்கிறேன்: மூடிக்குள் இருப்பது வெந்நீர் மட்டும் அல்ல, அழுத்தத்தில் இருக்கும் வெந்நீர். சூட்டில் மூடியைத் திருப்பினால் அது அந்தக் கணமே ஆவியாகி முகத்துக்கு வரும். காலையில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் திறங்கள்.

திறந்து பார்த்தபோது என் ரேடியேட்டரில் இருந்தது கூலன்டே இல்லை. தாமிரபரணித் தண்ணீரில் செம்மண்ணைக் கரைத்தது போல ஒரு துருக் குழம்பு. இதில் எனக்கும் பங்கு உண்டு. போகிற வழியில் எங்கெல்லாம் பைப் இருந்ததோ அங்கெல்லாம் பிடித்து ஊற்றியிருக்கிறேன். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் காயிலின் குழாய்க்குள்ளும் படியும். "ஆத்துத் தண்ணி நல்ல தண்ணிதானே" என்பார்கள். குடிக்க நல்லது. இன்ஜினுக்கு பேட்டரிக் கடையில் கேனில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டர்தான். அதனுடன் கூலன்ட். நம் ஊரில் தண்ணீர் உறையவா போகிறது என்று அதையும் ஒதுக்கக் கூடாது. இங்கே கூலன்ட் ஊற்றுவது துருப்பிடிக்காமல் இருக்கவும், கொதிக்கும் சூட்டைச் சற்று மேலே தள்ளவும். டப்பாவில் பாதிக்குப் பாதி என்று போட்டிருப்பார்கள். குறைத்தாலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகாதீர்கள். கலந்தே வரும் டப்பாவும் உண்டு, அதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது, லேபிளைப் படியுங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை நம்பி ஒன்றோடொன்று கலக்கவும் வேண்டாம். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளே இருக்கும் ரசாயனம் ஒத்துப்போகாவிட்டால் கூழாகித் திரிந்துவிடும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் இன்ஜினில் போய்ச் சேரும் இடத்தில் இரண்டு போல்ட் வைத்த ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை! யாரோ ஒரு புண்ணியவான் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் மூடியை மாட்டியிருக்கிறார். நம் பக்கம் இது சகஜம். "சூடு ஏறுது, அதைப் பிடுங்கிருவோம்" என்பது பட்டறைகளில் வேதவாக்கு. பிடுங்கினால் தண்ணீர் ஓயாமல் ரேடியேட்டர் வழியாகவே ஓடும், இன்ஜின் தன் சூட்டுக்கு வரவே வராது. மைலேஜ் குறையும், சிலிண்டர் தேயும், ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்றுக்கு மேல் வராது. இன்ஜின் அதிகமாகச் சூடேறுவதற்கு வேறு காரணம் இருக்கும். அதைத் தேடாமல் கதவைக் கழற்றிவிட்டு வீட்டில் கொசு என்று சொல்வது போலத்தான் இது.

புதியது வாங்கும்போது பழைய வண்டிக்குரிய எண்ணைச் சொல்லி வாங்குங்கள். திறக்கும் சூடு அதன் மேலேயே பொறித்திருக்கும். என்னுடையதில் 82 டிகிரி செல்சியஸ். புதிதாக இருந்தாலும் மாட்டுவதற்கு முன் சோதிப்பது என் வழக்கம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் தொங்கவிடுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இல்லை, 100 டிகிரிக்கு மேல் காட்டுவது. அடுப்பைச் சிறிதாக வைத்துச் சூடேற்றினால் 82-ஐ ஒட்டி வாய் திறக்க ஆரம்பிக்கும், கொதிக்கும் முன் முழுதாகத் திறந்துவிடும். வெளியே எடுத்தால் ஆறும்போது மூடிக்கொள்ள வேண்டும். நான் பால் காய்ச்சும் பாத்திரத்தில் வைத்துவிட்டேன். அந்தப் பாத்திரம் இன்றுவரை என் டூல் அலமாரியில்தான் இருக்கிறது, சமையலறைக்குத் திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. மாட்டும்போது அதன் விளிம்பில் இருக்கும் சிறு துளையோ ஆடும் ஊசியோ மேற்பக்கம் வர வேண்டும். காற்று வெளியேறுகிற வழி அது. மூடிக்கு அடியில் ஒழுகாமல் இருக்க வைத்திருக்கும் பழைய காஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள்.

இப்போது ஹோஸ். இருபது வருஷம் ஆன ரப்பர் இரும்புக் குழாயோடு வெல்லம் போல ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் காயிலைக் கொல்கிறார்கள். முறுக்கிப் பிடுங்கினால் காயிலிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் மெல்லிய குழாய் அடியோடு பிளந்துவிடும். எப்படியும் மாற்றப்போகிற ஹோஸ்தானே, கத்தியால் நீளவாட்டில் கீறிப் பட்டையாக உரித்து எடுங்கள். கத்தி குழாயைக் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய ஹோஸ் கூலன்டுக்கென்று விற்பதாக இருக்க வேண்டும். பழையதில் ஒரு துண்டைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய் உள்விட்டம் பார்த்து வாங்குங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் டியூப், பெட்ரோல் டியூப் எதுவும் ஆகாது. அழுத்தத்திலும் சூட்டிலும் ஒரு வாரம் தாங்காது.

காயில் ஒழுகாமல் அடைத்து மட்டும் இருந்தால் டேஷ்போர்டைத் தொட வேண்டாம். இரண்டு ஹோஸையும் இன்ஜின் பக்கத்தில் கழற்றி, தண்ணீர் வழக்கமாக வெளியேறும் ஹோஸ் வழியாக உள்ளே விடுங்கள். எதிர்த்திசையில் வந்தால் உள்ளே படுத்திருக்கும் கசடு கிளம்பும். குழாயை மெல்லத் திறக்க வேண்டும்; மாடித் தொட்டியிலிருந்து வரும் அழுத்தம் போதும், மோட்டாரை நேரடியாக மாட்டாதீர்கள். முதலில் டீ நிறத்தில் வரும், பிறகு தெளியும். திசையை மாற்றி மாற்றி நாலைந்து தடவை விடுங்கள். ரேடியேட்டர் கழுவ விற்கும் திரவத்தை, போட்டிருக்கும் அளவுக்கும் நேரத்துக்கும் மட்டும் பயன்படுத்தலாம். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடுகிற பழக்கத்தில் ஒருவர் காயிலுக்குப் புளிக்கரைசல் ஊற்றியதாகச் சொன்னார். பாத்திரத்தை உடனே அலம்பிவிடுகிறோம். காயிலுக்குள் மூலையில் தங்கும் புளி, ஈயம் வைத்த இடத்தைத் தின்ன ஆரம்பிக்கும். கடைசியில் ஒரு தடவை டிஸ்டில்ட் வாட்டரை விட்டு அலசிவிடுங்கள்.

என் காயில் ஒழுகிக்கொண்டிருந்ததால் இறக்கத்தான் வேண்டியிருந்தது. முதல் வேலையாக பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். அடுத்து, எதையும் கழற்றுவதற்கு முன் போனில் படம். எந்த வயர் எந்த சாக்கெட்டில், எந்தக் கேபிள் எந்த நெம்புகோலில் என்று ஒவ்வொன்றையும் எடுத்துவைத்தேன். ஸ்க்ரூக்களைப் பழைய முட்டை அட்டையில், கழற்றிய வரிசையில் குழி குழியாகப் போட்டேன். டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து அப்பளம் போல ஆகியிருக்கும். அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சிக்காரர் கையாளுகிற பதத்தில்தான் கையாள வேண்டும். எங்காவது இழுத்து வரவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள், இன்னொரு ஸ்க்ரூ எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்குக் காலை ஏழுக்கு ஆரம்பித்து டேஷ்போர்டு வெளியே வர மதியம் மூன்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஹீட்டர் பெட்டி அரைமணி நேரம்தான்.

பெட்டியைத் திறந்தால் காயிலுக்கு முன்னால் ஓர் எலிக் குடும்பம் வாழ்ந்து போன அடையாளம். பஞ்சு, வேப்பங்கொட்டை, ஒரு பாலிதீன் பை, கூடவே காய்ந்த இலைச் சருகு. காற்று உள்ளே வரும் கம்பிவலை கிழிந்திருந்தது. புது வலை வெட்டிப் பொருத்தினேன். மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்கள் போனெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சல்லடையை மாதம் ஒருமுறை கையால் வாரிவிட்டாலே போதும்.

காயில் இரண்டு வகை. பித்தளைத் தொட்டியும் செப்புக் குழாயுமாக இருந்தால் பட்டறையில் ஈயம் வைத்து அடைக்கலாம். அலுமினியமாக இருந்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள், புதியது வாங்கிவிடுங்கள். என்னுடையது செம்பு. திருநெல்வேலி பேட்டைப் பக்கம் ஒரு ரேடியேட்டர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் ஒரு முனையை விரலால் அடைத்து மறுமுனையில் வாயை வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, "ரெண்டு இடத்துல போயிருக்கு" என்றார். தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்று விட்டபோது சரியாக இரண்டு இடத்தில்தான் குமிழி வந்தது. வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஒரு பக்கம் அடைப்பான், மறுபக்கம் ஹோஸ் துண்டு வழியாகக் காற்று. ஆனால் அழுத்தம் காட்டும் மீட்டர் வைத்த பம்பில்தான். உங்கள் ரேடியேட்டர் மூடியில் 0.9 (பார் கணக்கு; psi மீட்டரில் ஏறக்குறைய 13) என்று பொறித்திருந்தால் அந்த அளவை ஒட்டி நிறுத்திவிட வேண்டும். டயருக்கு அடிக்கிற மாதிரி அடித்தால் நல்ல காயிலும் கிழியும்.

மஞ்சள் தூள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கொட்டுவது நம் லாரிக்காரர்களின் பழைய கைவைத்தியம். கடையில் ஒழுக்கடைக்கும் பொடியும் விற்கிறார்கள். இரண்டும் வேலை செய்யும். மலையில் சிக்கிக்கொண்டால் வீடு வந்து சேரலாம். ஆனால் அந்தப் பொடிக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. ஊரிலேயே மெல்லிய குழாய் ஹீட்டர் காயிலில்தான் இருக்கிறது. அது முதலில் அடைபடும். போட்டால் இறங்கிய அன்றே எல்லாவற்றையும் வடித்து அலசிவிடுங்கள்.

பெட்டி வெளியே இருக்கும்போதே மற்றதையும் முடித்துவிட வேண்டும், மறுபடி யார் திறப்பது? தண்ணீர் வால்வு இறுகியிருந்தால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவைத்து மெல்ல ஆட்டுங்கள். தண்டு வழியாகக் கசிந்தால் மாற்றிவிடுங்கள். காற்றுக் கதவுகளின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச் தொட்டால் மாவாக உதிரும். அது உதிர்ந்தால் சூட்டுக் காற்றோடு குளிர்காற்றும் கலந்து வரும். பஜாரில் கிடைக்கும் பசை தடவிய ஸ்பாஞ்ச் பட்டையை வெட்டி ஒட்டினால் போதும். புளோயர் மோட்டார் முழு வேகத்தில் மட்டும் சுற்றி மற்ற வேகங்களில் படுத்துக்கொண்டால் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. எதிலுமே சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு எர்த் வயர், அதன் பிறகுதான் மோட்டார். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் போடுங்கள். சிகரெட் பாக்கெட் ஈயத்தாளைச் சுற்றி வைக்கிற கலையை மறந்துவிடுங்கள். வயர் டேஷ்போர்டுக்குள் எரியும். கேபிள்களை மாட்டியதும் நெம்புகோலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தள்ளிப் பார்த்து, கதவும் வால்வும் முழுசாகத் திறந்து மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். டேஷ்போர்டை மாட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை. அதைவிட முக்கியம், டேஷ்போர்டு உள்ளே போவதற்கு முன் கூலன்ட் ஊற்றி, இன்ஜினைச் சூடாக்கி, இணைப்புகள் காய்ந்தபடி இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது. நான் அவசரப்படாமல் ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.

கூலன்ட் ஊற்றுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் எல்லாம் புதிதாக இருந்தும் ஹீட்டர் குளிர்காற்றைத்தான் ஊதும். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு மேட்டில் நிறுத்துங்கள். வீட்டு முன்னால் உள்ள சாய்தளமே போதும். கை பிரேக், சக்கரத்துக்குக் கல். ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, ரேடியேட்டர் மூடி இல்லாமல், மெதுவாக ஊற்றுங்கள். நிறைந்ததும் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டால் குமிழி குமிழியாகக் காற்று வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். இடையிடையே மேல் ஹோஸைக் கையால் பிசைந்துவிட்டால் காற்று சீக்கிரம் வெளியேறும். மேல் ஹோஸ் திடீரென்று சுட ஆரம்பித்தால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் குமிழி நிற்கும். மூடியைப் போட்டுவிடலாம். எவ்வளவு நேரம் ஆனாலும் குமிழி நிற்கவே இல்லை, கூலன்டில் புகை வாசமும் அடிக்கிறது என்றால் ஹெட் காஸ்கெட்டை (இன்ஜின் தலைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) சந்தேகப்பட வேண்டும். அது வேறு செலவு.

இந்த வேலையைத் திறந்த இடத்தில் செய்யுங்கள். ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினை ஓடவிடவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பழைய வண்டியில் சைலன்ஸர் மேனிபோல்டில் வெடிப்பு இருந்தால் அந்தப் புகை ஹீட்டர் காற்றோடு சேர்ந்து உள்ளேயே வரும். துணிக்கூரை போட்ட ஜிப்சியில் பின்பக்கத் திறப்பு வழியாகவும் இழுக்கும். ஹீட்டர் போட்டால் தலைவலி, குமட்டல் வருகிறது என்றால் வண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழத்தை முகராதீர்கள். நிறுத்தி, எல்லாரும் வெளியே இறங்குங்கள். சைலன்ஸரைச் சரிசெய்த பிறகே மறுபடி ஹீட்டர். மலையில் குளிருக்காக ஹீட்டரைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றி, நிறுத்திய வண்டிக்குள் தூங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தட்டி எழுப்பியிருக்கிறேன். திட்டுகிறார்கள். திட்டட்டும்.

கண்ணாடி மங்காமல் இருக்க என்ன வைக்க வேண்டும் என்பதிலும் பலருக்குக் குழப்பம். உள்காற்றையே சுற்றவிட்டால் நம் மூச்சின் ஈரமும் துணியின் ஈரமும் உள்ளேயே சுற்றும். வெளிக்காற்று நிலையில் வைத்து, சூட்டை ஏற்றி, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். வெளியே மழை பெய்தாலும் அந்தக் காற்று சூடானதும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி வைத்தால் இன்னும் சீக்கிரம் தெளியும். ஏசி உள்ள வண்டியில் ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்தே போடலாம். ஏசி ஈரத்தைப் பிழியும், ஹீட்டர் சூடாக்கும். மேலே போகும் முந்தின நாள் கண்ணாடியின் உள்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்து வையுங்கள். அழுக்குக் கண்ணாடியில்தான் மூட்டம் முதலில் பிடிக்கிறது.

வெயில் காலத்தில் ஹீட்டரை மறந்துவிடுவதுதான் அதற்கு நாம் செய்யும் பெரிய கெடுதல். பத்து மாதம் வால்வு மூடியே கிடந்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் தேங்கிக் கசடாகும், வால்வும் இறுகிக்கொள்ளும். நான் மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் பக்கத்து ஆம்பூரில் உள்ள வயலுக்குப் போகும்போது பத்து நிமிடம் ஹீட்டரைத் திறந்துவிட்டு ஓட்டுகிறேன். சித்திரையிலும்தான். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கூலன்டை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பிடிக்காவிட்டாலும் செலவு செய்ய வேண்டிய இடம் அது.

வேலை முடிந்தபின் மூன்று நாள் காலையில் எழுந்ததும் மூடியைத் திறந்து மட்டம் பார்த்தேன். முதல் நாள் இரண்டு விரல் இறங்கியிருந்தது, எங்கோ மிச்சம் இருந்த காற்று. இரண்டாம் நாள் அரை விரல். மூன்றாம் நாள் அசையவில்லை. மெக்கானிக் மாட்டிய அந்தப் 'ப' குழாயைத் தூக்கிப் போடவில்லை. இரண்டு கிளிப்போடு ஒரு துணியில் சுற்றி டூல் பையில் வைத்திருக்கிறேன். வழியில் காயில் மறுபடி ஒழுகினால் அதை வைத்து இரண்டு ஹோஸையும் இணைத்துக்கொண்டு வீடு வந்துவிடலாம். அப்படி இணைக்கும்போது ஹோஸ்களைத் தனித்தனியாகக் கட்டையால் அடைத்துவிடாதீர்கள். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றுவதற்கு அந்தப் பாதையும் தேவை.